இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் கூடினால் இரத்தக்குழாய் கெடுமா? அரை நூற்றாண்டு விவாதமும் நம்மூர்க் கணக்கும்

விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில், கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டியிருக்கும் மீன்சுருட்டி அளவுள்ள ஊர்களையும் இப்போது ‘ஃபுல் பாடி செக்கப்’ எட்டிவிட்டது. வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கிறார்கள். அது வெளியூர் ஆய்வகத்துக்குப் போகிறது. ஓரிரு நாளில் கைப்பேசிக்கு அறிக்கை வந்துவிடுகிறது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று பழகிய பெயர்களுக்கு நடுவே ‘ஹோமோசிஸ்டீன்’ என்று ஒரு வரி. லிட்டருக்கு 15 மைக்ரோமோலைத் தாண்டினால் எண் தடித்த எழுத்தில் வரும்; பெரும்பாலும் இதய நோய் அபாயம் என்ற குறிப்பும் கூடவே இருக்கும்.

அந்தக் குறிப்பு எந்த அளவுக்கு உண்மை? 1969 முதல் இந்தக் கேள்விக்கு மருத்துவம் குறைந்தது நான்கு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. காரணமே இதுதான் என்றது ஒரு காலம். வெறும் அடையாளம் என்றது இன்னொரு காலம். இதயத்துக்கு இல்லை, மூளைக்கு மட்டும் என்பது மூன்றாவது. சத்துக் குறைவு உள்ள மக்களிடம் இன்னும் சரியாகச் சோதிக்கப்படவே இல்லை என்பது நான்காவது. இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால், நம் பகுதியில் ஒருவர் கையில் வரும் அந்த எண் அவரது இரத்தக்குழாயைப் பற்றிச் சொல்வதைவிட அவரது வைட்டமின் பி12 இருப்பைப் பற்றியே அதிகம் சொல்கிறது என்று தோன்றுகிறது.

## இரண்டு குழந்தைகள், ஒரே வகைச் சிதைவு

ஹோமோசிஸ்டீன் நாம் நேரடியாகச் சாப்பிடும் பொருள் அல்ல. மீன், முட்டை, பால், பருப்பு என எல்லாப் புரதத்திலும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அது உடலில் தன் வேலையை முடித்தபின் மிஞ்சுவதுதான் ஹோமோசிஸ்டீன். அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ 1932-இல் இதைக் கண்டறிந்தார். முப்பது ஆண்டுகள் அது வேதியியல் நூல்களோடு நின்றது. 1962-இல் வட அயர்லாந்திலும் அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் மனவளர்ச்சி குன்றிய சில குழந்தைகளின் சிறுநீரில் இதன் இணைவடிவம் மிகுந்திருப்பது தெரியவந்தது. ஹோமோசிஸ்டினூரியா என்று பெயரிடப்பட்ட இந்தப் பிறவி நோயில் கண்வில்லை நழுவும். கைகால் எலும்புகள் நீளும். இளம் வயதிலேயே இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைக்கும்.

பாஸ்டனில் நோயியல் மருத்துவராக இருந்த கில்மர் மக்கல்லி இரண்டு குழந்தைகளின் திசுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒருவன் 1933-இல் பக்கவாதத்தால் இறந்த எட்டு வயதுச் சிறுவன். இன்னொன்று இரண்டு மாதக் கைக்குழந்தை. இருவருக்கும் பழுதான நொதிகள் வேறு வேறு. கைக்குழந்தைக்குப் பி12-ஐக் கையாளும் இடத்தில் கோளாறு. இரத்தத்தில் மெத்தியோனின் கூடவில்லை. இருந்தும் தமனிச் சுவர்கள் ஒரே மாதிரி தடித்துக் கெட்டிருந்தன. இருவரிடமும் பொதுவாக மிகுந்திருந்தது ஹோமோசிஸ்டீன் மட்டுமே. ஆகவே கேடு அதிலிருந்துதான் வந்தது என்றார். இது 1969-இல் வெளிவந்தது. அடுத்த அடியில், சாதாரணப் பெரியவர்களின் மாரடைப்புக்கும் மிதமாக உயர்ந்த ஹோமோசிஸ்டீன் காரணமாகலாம் என்று நீட்டினார். கொலஸ்டிரால் கோட்பாடு கோலோச்சிய அந்த நாளில் இதைக் கேட்க ஆளில்லை. 1970-களின் கடைசியில் அவர் ஹார்வர்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

தர்க்கம் அழகானது. முதல் பாதி பின்னாளில் உறுதியும் ஆனது. 2001-இல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பொன்றில் சிகிச்சை பெற்றுவந்த 158 ஹோமோசிஸ்டினூரியா நோயாளிகளுக்கு, சிகிச்சை இல்லையென்றால் 112 இரத்தக்குழாய்ச் சம்பவங்கள் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 17 மட்டுமே நேர்ந்தன. ஆனால் அந்த நோயாளிகளின் அளவு சிகிச்சைக்கு முன் 100 மைக்ரோமோலையும் தாண்டும். 100-இல் உண்மையாக இருப்பது 18-இலும் உண்மைதானா? தவிரவும், அந்தக் குழந்தைகளைப் பெரும்பாலும் வீழ்த்துவது இரத்த உறைவு. ஐம்பது வயதுக்காரரின் இதயத் தமனியில் படியும் கொழுப்புத் திட்டு வேறு வகை. மக்கல்லியின் கருதுகோளில் இந்த இரண்டு இடைவெளிகளும் கடைசிவரை நிரம்பவில்லை.

## உள்ளே வருவதும் வெளியே போவதும்

உடலில் நடப்பதை வீராணம் போன்ற ஓர் ஏரியாக எண்ணிக்கொள்ளலாம். மெத்தியோனினிலிருந்து வரத்து நிற்பதே இல்லை. வெளியேற இரண்டு மதகுகள். ஒன்று ஹோமோசிஸ்டீனைத் திரும்ப மெத்தியோனினாக மாற்றும். அதைத் திறக்க ஃபோலேட்டும் பி12-உம் சேர்ந்து வேண்டும். மற்றொன்று அதைச் சிஸ்டீன் பக்கம் தள்ளிவிடும். அதற்கு பி6 வேண்டும். எந்த மதகு அடைத்தாலும் நீர்மட்டம் ஏறும். சிறுநீரகம் பழுதானாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும், வயதானாலும், புகைபிடித்தாலும் ஏறும். இந்தக் கடைசிப் பட்டியல் முக்கியமானது. இவற்றில் பல தம்மளவிலேயே மாரடைப்பை வரவழைப்பவை.

கூடிய ஹோமோசிஸ்டீன் இரத்தக்குழாயின் உட்படலத்தில் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறது, உறைதலைத் தூண்டுகிறது, தசைச் செல்களைப் பெருக்குகிறது என்று பல ஆய்வுக்கூட முடிவுகள் உண்டு. அவற்றில் கணிசமானவை மனித இரத்தத்தில் காணவே முடியாத செறிவில் செய்யப்பட்டவை. அதனால் அவற்றுக்குப் பெரிய எடை கொடுப்பதற்கில்லை.

## எண்கள் குவிந்த காலம்

1976-இல் சிட்னியில் வில்கன் தம்பதியர் இதய நோயாளிகளுக்கு மெத்தியோனினைக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் உடல் அதைக் கையாள்வதில் வேறுபாடு இருப்பதாகக் காட்டினர். 1990-களில் அளவிடும் முறை எளிதாயிற்று, ஆய்வுகள் குவிந்தன. 1995-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 5 மைக்ரோமோல் உயர்வு, கொலஸ்டிரால் 20 மில்லிகிராம் உயர்வதற்குச் சமமான அபாயம் என்றது. மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். வைட்டமின் மாத்திரை மலிவு, பக்க விளைவு அரிது. மாரடைப்பை இவ்வளவு சுலபமாகத் தடுக்க முடியும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

சந்தேகமும் அதே காலத்தில் வளர்ந்தது. நோயாளியையும் நோயில்லாதவரையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடும் ஆய்வில், நோய் வந்தபின் அளவு ஏறியதா, ஏறியபின் நோய் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நலமாக இருந்தவர்களின் இரத்தத்தை முன்கூட்டியே எடுத்துவைத்துக் காத்திருந்த ஆய்வுகளில் தொடர்பு மெலிந்தது. அத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஹோமோசிஸ்டீன் கால்பங்கு குறைவாக இருந்தவர்களுக்கு இதய அபாயம் 11 சதவீதமும் பக்கவாத அபாயம் 19 சதவீதமும் மட்டுமே குறைவு. இருக்கிறது, ஆனால் விளம்பரப்படுத்திய அளவுக்கு இல்லை. இதயத்தைவிட மூளைக்குச் சற்றுக் கூடுதல் என்ற அந்த ஏற்றத்தாழ்வு பின்னால் மறுபடி மறுபடி தலைகாட்டியது.

## மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது

2004 முதல் 2010 வரை சீட்டுப்போட்டுப் பிரித்த பெரிய சோதனைகளின் முடிவுகள் வரிசையாக வந்தன. பக்கவாதம் வந்தவர்களிடம் நடந்த விஸ்ப், மாரடைப்பு வந்த 3,749 நார்வேக்காரர்களிடம் நடந்த நார்விட், 5,522 பேரிடம் நடந்த ஹோப்-2, பிரிட்டனில் 12,064 பேரிடம் நடந்த சர்ச், 20 நாடுகளில் நடந்த விட்டாடாப்ஸ். எல்லாவற்றிலும் ஹோமோசிஸ்டீன் சொன்னபடி இறங்கியது. மாரடைப்பு இறங்கவில்லை. எட்டு சோதனைகளின் 37,485 பேரை ஒன்றாக்கிய 2010-ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஹோமோசிஸ்டீன் கால்பங்கு குறைந்தும் இதய அபாயத்தில் வேறுபாடு ஏறக்குறைய பூஜ்யம். நார்விட்டில் மூன்று வைட்டமின்களையும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் தீங்கின் சாயல்கூடத் தென்பட்டது.

ஆதரவாளர்கள் ஒரு சமாதானம் சொன்னார்கள். அமெரிக்காவில் 1998 முதல் மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயம். ஏற்கெனவே நிறைந்த உடலில் மேலும் ஊற்றினால் என்ன தெரியும்? ஹோப்-2 பங்கேற்பாளர்களில் பெரும்பான்மையோருக்கு இது பொருந்தும். நார்வேக்கும் பிரிட்டனுக்கும் பொருந்தாது. அங்கே அப்போது கட்டாயச் செறிவூட்டல் கிடையாது, முடிவோ ஒன்றேதான். ஆகவே இந்தச் சமாதானம் பாதி தூரம்தான் வரும். மிச்சப் பாதி தூரத்தில் ஒரு விஷயம் உண்டு: அந்த நாடுகளில் எதிலும் பி12 குறைவு மக்களில் பெரும்பான்மையோரின் நிலை அல்ல.

அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பக்கவாதம் வந்தவரிடம் ஹோமோசிஸ்டீன் உயர்ந்திருந்தாலும் அடுத்ததைத் தடுக்க இந்த வைட்டமின்கள் பயன்படுவதில்லை என்று நேராகவே சொல்லிவிட்டது.

## மரபணுவின் சாட்சியம்

மாத்திரைச் சோதனை ஐந்து ஆண்டுதான் நடக்கும். மரபணு பிறவியிலிருந்தே வேலை செய்கிறது. ஃபோலேட்டைக் கையாளும் எம்டிஹெச்எஃப்ஆர் நொதியில் 677-ஆம் இடத்து மாற்றத்தை 1995-இல் மாண்ட்ரியால் குழுவினர் கண்டறிந்தனர். இரண்டு பெற்றோரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஹோமோசிஸ்டீன் சற்று அதிகம். அது காரணம் என்றால் அவர்களுக்கு மாரடைப்பும் அதிகமாக இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் அப்படித்தான் தெரிந்தது. வெளியான ஆய்வுகளைக் கூட்டினால் அபாயம் சுமார் 15 சதவீதம் கூடுதலாக வந்தது. 2012-இல் ராபர்ட் கிளார்க்கும் உடன் ஆய்வாளர்களும், வேறு நோக்கத்துக்காகத் திரட்டி வெளியிடாமல் வைத்திருந்த தரவுகளைத் தேடி எடுத்தார்கள்: 48,175 நோயாளிகள், ஒப்பீட்டுக்கு 67,961 பேர். அதில் கூடுதல் அபாயம் 2 சதவீதம், புள்ளியியல்படி ஒன்றுமில்லை. தொடர்பு கண்ட ஆய்வுகள் அச்சேறின, காணாதவை அலமாரியில் தங்கின என்பதே இதற்கு எளிய விளக்கம். இதயத்தைப் பொறுத்தவரை ஹோமோசிஸ்டீன் காரணமல்ல, உடன்வரும் அடையாளம் என்ற இரண்டாவது நிலைப்பாட்டுக்கு என் பார்வையில் இதுவே மிக வலுவான சான்று. மாத்திரைச் சோதனைகளைவிடவும்.

இந்த மாற்றம் தென்னிந்தியர்களிடம் இத்தாலியர்களையோ மெக்சிகர்களையோவிட அரிது. நம் அறிக்கைகளில் வரும் பெரிய எண்களுக்கு மரபணுவைக் கைகாட்டுவது அதிகம் உதவாது.

## பக்கவாதம் தனிக் கணக்கா?

ஹோப்-2-இல் மாரடைப்பு அசையாதபோதும் பக்கவாதம் கால்பங்கு குறைந்தது. அது தற்செயல் என்று ஒதுக்கப்பட்டது. 2015-இல் சீனத்திலிருந்து வந்த முடிவை அப்படி ஒதுக்க முடியவில்லை. உயர் இரத்த அழுத்தம் உள்ள 20,702 பேர், எல்லாருக்கும் எனலாப்ரில், பாதிப் பேருக்குக் கூடவே 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம். நாலரை ஆண்டில் முதல் பக்கவாதம் 3.4 சதவீதத்திலிருந்து 2.7 சதவீதமாக இறங்கியது. தொடக்கத்தில் ஃபோலேட் குறைவாக இருந்தவர்களிடம் பலன் கூடுதல். 15 சோதனைகளின் 71,422 பேரை எடுத்துக்கொண்ட 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பும் மாரடைப்பில் பலன் இல்லை, பக்கவாதத்தில் சிறிய பலன் உண்டு என்ற இடத்தில்தான் வந்து நின்றது.

ஆனால் சீனச் சோதனை கொடுத்தது ஃபோலிக் அமிலம். பலன் ஹோமோசிஸ்டீன் இறங்கியதால் வந்ததா, ஃபோலேட் தன் வழியில் வேறெதையும் செய்ததா என்று அந்த வடிவமைப்பு பிரித்துக் காட்டாது. அங்கே பி12 கொடுக்கப்படவும் இல்லை.

## புனேயும் சென்னையும்

2001-இல் புனேயில் 204 பேரை ஆராய்ந்த ரெஃப்சம், யாஜ்னிக் குழுவினர் 77 சதவீதம் பேருக்கு ஹோமோசிஸ்டீன் 15-ஐத் தாண்டியிருப்பதைக் கண்டனர். காரணம் ஃபோலேட் அல்ல, பி12. 2006-இல் அதே நகரத்தையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த 441 ஆண்களிடம் பார்த்தபோது மூன்றில் இரண்டு பேருக்குப் பி12 குறைவு. முதல் ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது: இதய நோயாளிகள், சர்க்கரை நோயாளிகள், நலமானவர்கள் என எல்லாப் பிரிவிலும் அளவுகள் ஒரே மாதிரிதான் இருந்தன.

அதே 2001-இல் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் தென்னிந்திய ஆண்களை நான்கு பிரிவாக்கிப் பார்த்தனர்: சர்க்கரை நோயும் இதய நோயும் இல்லாதவர், ஒன்று மட்டும் உள்ளவர், மற்றது மட்டும் உள்ளவர், இரண்டும் உள்ளவர். ஹோமோசிஸ்டீனுக்கும் இதயத் தமனி நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்பதே முடிவு. இலண்டனில் இதற்கு எதிர்த் திசையில் ஒரு முடிவு கிடைத்திருந்தது. அங்கே வாழும் இந்திய வம்சாவளி ஆண்களுக்கு ஐரோப்பியரைவிட ஹோமோசிஸ்டீன் 6 சதவீதம் அதிகம், அது அவர்களின் கூடுதல் இதய நோய்க்கு ஒரு காரணமாகலாம் என்று சேம்பர்ஸும் கூனரும் 2000-இல் எழுதினார்கள்.

சென்னை ஆய்வு சிறியது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை ஜெஃப்ரி ரோஸ் 1985-இலேயே வேறொரு சூழலில் எடுத்துக்காட்டியிருந்தார்: ஊரில் எல்லாரும் நாளுக்கு இருபது சிகரெட் பிடித்தால், நோயாளியையும் நலமானவரையும் ஒப்பிடும் ஆய்வில் சிகரெட் குற்றமற்றதாகவே தெரியும். புனே அளவுக்கு உயர்வு பரவியிருக்கும் மக்களிடம் ஹோமோசிஸ்டீன் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. அதனால் தொடர்பு தெரியவில்லை என்பதை வைத்துத் தீங்கு இல்லை என்று முடிக்க முடியாது. தீங்கு உண்டு என்பதற்கும் அது ஆதாரமாகாது. இந்தத் தர்க்கத்தை ஆதரவாளர்கள் தமக்குச் சாதகமாக இழுப்பதில் எச்சரிக்கை தேவை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொந்தி முதலான ஒன்பது காரணிகளைக் கொண்டே மாரடைப்பு அபாயத்தில் 90 சதவீதத்தை விளக்கியது; தெற்காசியரிடமும் அந்த ஒன்பதே போதுமானதாக இருந்தது. ஹோமோசிஸ்டீன் அந்தப் பட்டியலில் இல்லை.

## அசைவம் சாப்பிடும் மாநிலத்தில் பி12 குறைவு

புனே முடிவுக்குச் சைவ உணவைக் காரணம் காட்டுவது வழக்கம். தமிழ்நாட்டில் அந்த விளக்கம் அப்படியே நிற்காது. 2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் இங்கே நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். ஆனால் ‘உண்பவர்’ என்பதற்கு அந்தக் கணக்கில் அளவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பும் இடையில் ஒரு நாள் கருவாடும் சாப்பிடுகிறவரும் அசைவர்தான். மற்ற நாட்களில் சோறு, ரசம், மோர் என்றால் பி12 வரத்து சொற்பம். அது விலங்கு உணவில் மட்டுமே நம்பத்தக்க அளவில் இருக்கிறது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பழைய தொடர்புண்டு. பின்னாளில் ஃபோலேட் என்று அறியப்பட்ட சத்தைத் தேடிய லூசி வில்ஸ் பம்பாயில் தொடங்கி, 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். ஃபோலிக் அமிலத்தை 1940-களின் நடுவில் செயற்கையாகத் தயாரித்த லெடர்லே குழுவை வழிநடத்திய எல்லாப்பிரகடா சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். வேலூர் சிஎம்சியில் செல்வின் பேக்கர் உள்ளிட்ட குழுவினர் 1962-இல், பி12 குறைந்த தாய்மாரிடம் பால் குடித்த குழந்தைகளுக்கு வரும் நோயைப் பதிவு செய்தனர். அதே வேலூரிலிருந்து 1980-இல் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் மனிதச் சிறுகுடலின் பாக்டீரியாக்கள் பி12 தயாரிக்க வல்லவை என்று காட்டினர். குறைந்த உணவிலும் பலர் தாக்குப்பிடிப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பவை மருந்துகள். மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023-இல் தமிழ்நாட்டின் சர்க்கரை நோய் விகிதத்தை 14.4 சதவீதம் என்று கணித்திருக்கிறது. வருடக்கணக்கில் காலையில் போடும் ‘கேஸ் மாத்திரை’யும் அதே வேலையைச் செய்யும். அரசுத் திட்டத்தின் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம் உண்டு, பி12 இல்லை. ஒரே மதகுக்கு வேண்டிய இரண்டு சாவிகளில் ஒன்றைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

## அறிக்கையில் 28 என்று வந்தால்

முதலில் அந்த எண்ணையே சந்தேகிக்க வேண்டும். எடுத்த இரத்தத்தைக் குளிர்விக்காமல், சிவப்பணுக்களைப் பிரிக்காமல் வைத்தால் அணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்துகொண்டே இருக்கும். மணிக்கு ஏறத்தாழ 10 சதவீதம் ஏறலாம். கிராமத்தில் எடுத்த குழாய் மதிய வெயிலில் பேருந்தில் நகரத்துக்குப் போனதென்றால் 15 என்ற எல்லைக்கோட்டுக்கு அர்த்தமில்லை.

எண் மெய்யென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியவை பி12, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு. பி12 குறைந்திருந்தால் ஈடுகட்டுவதற்கு இதயம் காரணமாக வேண்டியதில்லை. கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, மறதி, இரத்தசோகை ஆகியவையே போதிய காரணங்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் இரத்தசோகை சரியாகி நரம்புச் சேதம் மறைவில் தொடரக்கூடும். இதய அபாயத்தைக் கணிக்க இந்தச் சோதனை தேவையில்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் பீடியும்தான் அங்கே நிரூபிக்கப்பட்ட கணக்குகள். அவற்றில் முதல் இரண்டுக்கான மருந்து 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டு வாசலுக்கே வருகிறது.

## இன்னும் முடியாதவை

மாரடைப்பைப் பொறுத்தவரை கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. பக்கவாதத்தில் பாதி திறந்திருக்கிறது. பெரும்பான்மையோருக்குப் பி12 குறைவாக உள்ள மக்களிடம், பி12-ஐ முதன்மையாகக் கொடுத்து, பக்கவாதத்தையே முடிவாக எண்ணும் சோதனைதான் விடுபட்ட கண்ணி. கிடைத்திருக்கும் பெரிய சோதனைகள் ஒன்று பி12 போதுமான நாடுகளில் நடந்தவை, அல்லது சீனத்தில் ஃபோலிக் அமிலத்தோடு நின்றவை. மெட்ஃபார்மின் எடுக்கும் ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே மாதந்தோறும் மருந்து பெறும் மாநிலத்தில் அப்படியொரு சோதனைக்கு ஆள் சேர்ப்பது கடினமல்ல. குறைவு உறுதியானவருக்கு வெற்று மாத்திரை கொடுப்பது அறமாகுமா என்பதுதான் கடினம். எல்லைக்கோட்டில் இருப்பவர்களோடு தொடங்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வாய்ப்பு ரேஷன் கடையில் இருக்கிறது. செறிவூட்டிய அரிசியைப் படிப்படியாக எல்லாத் திட்டங்களிலும் வழங்குவதாக 2021 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய சோதனைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது அரியலூரை ஒட்டிய திருச்சிராப்பள்ளி மாவட்டம். விதிப்படி அந்த அரிசியின் ஒவ்வொரு கிலோவிலும் ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். நாளுக்குக் கால் கிலோ அரிசி உண்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பி12 அதிகபட்சம் 0.3 மைக்ரோகிராம், தேவையோ இரண்டுக்குச் சற்று மேல். கஞ்சி வடிக்கும் வீட்டில் அதிலும் ஒரு பங்கு போகலாம். இவ்வளவு சிறிய அளவு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஹோமோசிஸ்டீனை எவ்வளவு இறக்கும் என்பதைச் சில நூறு பேரின் இரத்தத்தில் அளந்தே அறிந்துவிடலாம். பக்கவாதம் இறங்குகிறதா என்று அறிய, மீன்சுருட்டி போன்ற ஊர்களிலிருந்து ஜெயங்கொண்டத்துக்கும் அரியலூருக்கும் தஞ்சாவூருக்கும் பிரிந்து போகும் நோயாளிகளை ஒரே கணக்கில் கொண்டுவரும் மாவட்டப் பக்கவாதப் பதிவேடு வேண்டும். பத்தாண்டாவது அது விடாமல் எழுதப்பட வேண்டும்.